பூட்டிக் கிடக்கும் ஹாலும் மீட்டர் பெட்டித் திண்ணையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கீழே கடைகள், அடுத்த இரண்டு மாடி ஆபீஸ், அதற்கு மேல் வீடுகள் என்று சென்னையில் இப்போது நிறையக் கட்டடங்கள் வருகின்றன. வேளச்சேரியில் அப்படி ஒன்றில்தான் நாங்கள் நான்கு வருஷமாக இருக்கிறோம். வாங்கும்போது 'கம்யூனிட்டி ஹால் உண்டு' என்றார்கள். உண்டுதான், மொட்டை மாடியில். லிஃப்ட் அதுவரை போகாது, கடைசி மாடியில் இறங்கிப் படியேற வேண்டும், சாவி அசோசியேஷன் செயலாளர் வீட்டில் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழுவுக்குத் திறப்பார்கள். முட்டிவலிக்கார என் மாமியார் அதை இன்னும் பார்த்ததே இல்லை.

ஆட்கள் கூடுகிற இடம் வேறு. தரைத்தளத்தில் லிஃப்டுக்கு எதிரே, ஈபி மீட்டர் பெட்டிகளுக்குக் கீழே ஒன்றரை அடி அகலத்தில் ஒரு சிமென்ட் மேடை. காலையில் பால் வாங்கி வருகிற பெரியவர்கள், மதியம் டிபன் பாக்ஸைப் பிரிக்கிற ஆபீஸ் பிள்ளைகள், சாயங்காலம் பேரன் பேத்தியோடு பாட்டிகள். ஒருவர் எழுந்து போகிற நேரத்தில்தான் இன்னொருவருக்கு அது தேவைப்படுகிறது, ஒரு சண்டை வந்ததில்லை. போன மாதம் அங்கே 'உட்காரக் கூடாது' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள், அப்புறம் அதுவும் போதாதென்று வரிசையாகப் பூந்தொட்டிகளை வைத்துவிட்டார்கள். வெளியாட்கள் உட்காருகிறார்களாம். மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிற ஆபீஸில் வேலை பார்க்கிற பிள்ளைகள் எப்படி வெளியாட்கள் ஆவார்கள்?

தங்கை வீட்டுக்கு சிங்கப்பூர் போனபோது உட்லண்ட்ஸில் கம்போங் அட்மிரல்டியைப் பார்த்தேன். முதியவர்களுக்கான 104 சின்ன வீடுகள், உணவுக்கடைகள், மருத்துவ மையம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் ஒரே கட்டடத்தில், 2018-ல் உலகின் சிறந்த கட்டடம் என்று விருது வாங்கியது. எனக்குப் பிடித்தது அதன் பொது மன்றம். தரைமட்டத்தில் திறந்தே கிடக்கிறது, மேல் தளங்களே அதற்குக் கூரை, பக்கத்திலேயே ரயில் நிலையம். சாப்பிட வந்தவர், டாக்டரைப் பார்க்க வந்தவர், சும்மா வந்தவர் எல்லாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கட்டியது அரசாங்க வீட்டு வாரியம், நம் பில்டருக்கோ தரைத்தளத்தின் ஒவ்வொரு சதுர அடியும் கடை வாடகை. சரி, அதனால்தானே விதி வேண்டும் என்கிறேன்.

தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் மனை 3000 சதுர மீட்டரைத் தாண்டினால்தான் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்க வேண்டும், 10,000 வரை அதற்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு. எங்களுடையதைப் போல ஆறு கிரவுண்டில், அதாவது சுமார் 1,340 சதுர மீட்டரில் நிற்கிற கட்டடத்துக்கு அது வராது. பெரிய பூங்கா கேட்கவில்லை. கடையும் ஆபீஸும் வீடும் சேர்ந்த கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல் கொடுக்கும்போது, எல்லாரும் நடந்து போகிற வழியில், தரைத்தளத்தில், நிழலோடு பத்து பேர் உட்கார ஓர் இடமும் ஒரு குடிநீர்க் குழாயும் வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மொட்டை மாடி ஹாலை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பூந்தொட்டிகளை எடுக்கச் சொல்லி நாங்கள் கொடுத்த மனு அசோசியேஷனில் கிடக்கிறது. மாமியார் காத்திருக்கவில்லை, வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி லிஃப்டுக்கு எதிரே போட்டுக்கொண்டார். நேற்றுப் பார்த்தால் மூன்று நாற்காலிகள் இருந்தன.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகி