செல்லம்மாவுக்கு நாலு வரி போதாது

அன்புள்ள கோமதி,

உன் கட்டுரை வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது தப்புதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். விஷயத்துக்கு வருகிறேன்.

பாரதிக்கு ஒளி தந்த பெண்கள் என்று தலைப்பு வைத்துவிட்டு விவேகானந்தரின் சிஷ்யை நிவேதிதைக்கு மூன்று பக்கம், கட்டிய மனைவி செல்லம்மாவுக்கு நாலு வரியா? நியாயமாடி இது? அந்த நாலு வரியும் சமைக்க வைத்த அரிசியைப் பாரதி குருவிக்கு இறைத்த கதை. எதைத் தொட்டாலும் நீ குருவியில்தான் போய் நிற்பாய்!

1897ல் கல்யாணம் ஆனபோது செல்லம்மாவுக்கு வயது 7. 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தபோது முப்பதை ஒட்டிய வயது. மறு வருஷமே ‘பாரதி ஆச்சிரமம்’ என்று பதிப்பகம் தொடங்கி அவர் பாட்டுகளை அச்சில் கொண்டுவந்தார். அரிசிக்கு அல்லாடியதோடு நிறுத்திவிட்டால், பதிப்பித்த செல்லம்மா காணாமலே போய்விடுகிறார். எனக்கு மனசு ஆறவில்லை.

நிவேதிதை சந்திப்பை 1905 என்று அடித்து எழுதாதே. அந்த டிசம்பரில் காசி காங்கிரஸ், அடுத்த டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ். இரண்டுக்கும் பாரதி போனார். அதனால்தான் ஆண்டு இரண்டு விதமாகப் புழங்குகிறது. 1908ல் வந்த பாரதியின் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலில் நிவேதிதைக்கு எழுதிய சமர்ப்பணத்தைப் பிடித்துக்கொள். கண்ணன் அர்ஜுனனுக்கு விசுவரூபம் காட்டியதுபோல் தனக்குப் பாரத தேவியைக் காட்டிய குரு என்று அதில் பாரதியே சொல்கிறார். மலிவுப் பதிப்புகளில் அந்தப் பக்கம் விட்டுப்போயிருக்கும். நூலகத்தில் காலவரிசைப் பதிப்பை எடுத்துப் பார்.

பாரதியின் புதுச்சேரி நாட்களுக்கு, அவருடைய நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள். எந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதற்கு அவரை நம்பலாம், தேதிக்கு வேண்டாம். சிறுமியாகக் கண்டதைப் பல வருஷம் கழித்து எழுதினார், அச்சேறியது 1954ல். ஒரே சம்பவத்தை அவரும் பாரதியின் மகள்கள் தங்கம்மாளும் சகுந்தலாவும் எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார். மூவரும் ஒத்துப்போனால் தைரியமாக எழுது. மாறினால் ‘இன்னார் சொல்கிறபடி’ என்று போடு.

செல்லம்மா 1951ல் திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்று பேசினாரே, கட்டுரையை அங்கே தொடங்கு. நிவேதிதை பிறகு வரட்டும். திருத்தியதை மாலதி கையில் கொடுத்தனுப்பு. இந்தத் தடவை உடனே படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராஜி