நடுக்கத்தோடு நடையையும் பாருங்கள்

வடமாகாண சுகாதார அதிகாரிகளுக்கும், வன்னி வைத்தியசாலைகளில் கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கும் இயன்மருத்துவர்களுக்கும்,

வணக்கம். மல்லாவிப் பக்கம், பார்க்கின்சன் வருத்தம் உள்ள அம்மாவைப் பராமரிக்கும் மகள் நான். கேட்க வந்தது ஒன்றுதான். பார்க்கின்சன் நோயாளி கிளினிக்குக்கு வரும்போது, அவர் விழக்கூடியவரா என்பதையும் பாருங்கள். பார்த்ததைக் கிளினிக் கொப்பியில் எழுதிவிடுங்கள்.

கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்க்கிறார்கள், மருந்து எழுதுகிறார்கள். சனம் நிறைந்த கிளினிக்கில் அதற்குமேல் நேரம் கிடைப்பது கஷ்டம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களைப் படுக்கையில் போடுவது பெரும்பாலும் இடுப்பெலும்பு முறிவுதான். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்து நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கிற அளவுக்குச் சமநிலையைச் சரிசெய்வதில்லை. அதனால் மருந்து நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று கொப்பியில் இருக்கிற ஆளே வீட்டில் விழுந்து எழும்பிக்கொண்டிருப்பார். பார்க்கின்சன் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு வருடத்துக்குள் ஒரு தடவையாவது விழுகிறார்கள். "வயது போனால் விழுறதுதானே" என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இரண்டு கேள்விகளில் தொடங்கலாம். போன ஒரு வருடத்தில் விழுந்தீர்களா? போன ஒரு மாதத்தில், நடக்கும்போது கால் நிலத்தோடு ஒட்டினதுபோல் நின்றதா? பிறகு 4 மீற்றர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்கவிட்டு நேரம் பாருங்கள். 3.6 விநாடிக்கு மேல் எடுத்தால், அதாவது வேகம் விநாடிக்கு 1.1 மீற்றரை விடக் குறைந்தால், அதுவும் எச்சரிக்கை. இந்த மூன்றையும் வைத்தே அடுத்த 6 மாதத்தில் விழும் வாய்ப்பை ஓரளவு கணிக்கலாம். கைத்தொலைபேசியில் உள்ள கடிகாரம் போதும். கேள்விகளைக் கூட வந்தவரிடமும் கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கரைச்சல் என்று நினைத்து எங்கள் அம்மாமார் விழுந்ததை வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

பின்னால் நின்று தோள்களைச் சட்டென்று இழுத்துப் பார்க்கும் சோதனையும் உங்களுக்குத் தெரிந்ததே. ஒன்றிரண்டு அடியில் சமாளித்தால் சரி. அதற்கு மேல் அடிவைத்தாலோ, பிடிக்காவிட்டால் விழுவார் என்றாலோ சமநிலை கெட்டுவிட்டது. இது பயிற்சி உள்ளவர் முன்கூட்டியே சொல்லி, தாங்கிப் பிடிக்க ஆயத்தமாக நின்று செய்யவேண்டியது. வீட்டில் நாங்கள் செய்யக் கூடாது.

வைத்தியருக்கு முன்னால், முழுக் கவனமும் காலில் இருக்கும்போது அம்மா அழகாக நடப்பார். வீட்டிலோ மலசலகூடம் முற்றத்துக்கு அங்காலே. இரவில், மணலில், கையில் வாளியோடு போகவேண்டும். போய்ச் சேர்ந்தால் ஒடுக்கமான கதவு, உள்ளே திரும்ப இடம் இல்லை. கால் உறைந்து நிற்பது இப்படியான இடங்களில்தான். ஆகவே நேராக மட்டும் நடக்கவிடாதீர்கள். இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பச் சொல்லுங்கள், கதவுக்குள்ளால் போகச் சொல்லுங்கள், கவனம் காலில் மட்டும் இல்லாதபடி, 100 இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொன்னபடி நடக்கவிடுங்கள்.

கடைசி மருந்து எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விடியப் பஸ் பிடித்து மாங்குளம் வந்து, இன்னொரு பஸ் மாறி, வரிசையில் இருந்து உள்ளே வரும் நேரம் சிலருக்கு மருந்தின் வேலை முடிந்திருக்கும். இன்னும் சிலருக்கு அப்போதுதான் அது உச்சத்தில் இருக்கும். ஒரே ஆளின் நடை இரண்டு நேரமும் வேறு வேறு.

பிரஷரையும் இருத்தி வைத்து மட்டும் பார்க்காதீர்கள். 5 நிமிடம் படுக்கவைத்து ஒருதரம், எழுந்து நின்ற 1 ஆவது, 3 ஆவது நிமிடங்களில் மறுபடியும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், தலைசுற்றி விழுவதற்கு அது காரணமாக இருக்கலாம். மாத்திரைகளைச் சரிப்படுத்தித் தவிர்க்கக்கூடிய விழுகை அது.

ஆபத்து உள்ளவர் என்று தெரிந்தால் இயன்மருத்துவரிடம் அனுப்புங்கள். சமநிலைப் பயிற்சி விழுவதைக் குறைக்கும். நிலத்தில் கோடு கீறி அதைத் தாண்டப் பழக்குவதும், எண்ணி எண்ணி அடிவைப்பதும் உறைந்த காலை நகர்த்த உதவும். துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான் பக்கம் பஸ் ஏற முடியாமல் கிடப்பவர்களின் வீடுகளுக்கு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவர் போய் நடையையும் மலசலகூட வழியையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

எங்கள் பங்குக்கு, எங்கே விழுந்தார், எத்தனை மணிக்கு, மருந்து எடுத்து எவ்வளவு நேரத்தில், என்ன செய்துகொண்டிருக்கும்போது என்று பராமரிக்கிற நாங்கள் எழுதிக் கொண்டுவருகிறோம். அதைக் கிளினிக்கில் வாங்கி வாசிக்க ஒருவரை நியமியுங்கள்.

இப்படிக்கு,
மல்லாவியிலிருந்து ஒரு மகள்