கதைக்கு வசதி என்று தாயைச் சாகடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மலரில் வரும், ஆதரவற்ற நகரத்துப் பிள்ளைகளை ரயிலில் ஏற்றி மேற்கே வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிய அமெரிக்க 'அநாதை ரயில்' பற்றிய தொடர்கதையை எங்கள் வாசிகசாலையில் நாலைந்து பேர் விடாமல் வாசித்து வருகிறோம். ரயில் நின்ற ஊரில் பிள்ளைகளை மேடையில் ஏற்றிவிட, கமக்காரர்கள் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்துத் தெரிவு செய்கிற பகுதி நன்றாக வந்திருந்தது. அப்படி நடந்ததும் உண்மைதான். என் குறை வேறு. கதையில் வரும் ஒரு பிள்ளைக்குக்கூடத் தாய் தகப்பன் இல்லை. எல்லோரையும் கதாசிரியர் முதல் அத்தியாயத்திலேயே காய்ச்சலில் சாகடித்துவிட்டார்.

1854 இல் நியூயோர்க்கிலிருந்து மிச்சிகன் மாநிலத்து டோவாஜியாக் என்ற சிறிய ஊருக்குப் போன முதல் கூட்டம் தொடக்கம் 1929 வரை, ஏறத்தாழ இரண்டு லட்சம் பிள்ளைகள் இப்படி மேற்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் கணிசமானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போன தாய், வேலை இல்லாத தகப்பன், கப்பலில் வந்து இறங்கி வாடகை கட்ட முடியாத குடும்பம். வறுமைதான் பிள்ளையை ரயிலில் ஏற்றியது. சாவு எல்லா வீட்டிலும் நடக்கவில்லை.

இதை நான் புத்தகத்தில் வாசித்து மட்டும் சொல்லவில்லை. 2009 இல் போர் முடிந்த பிறகு சில வருடங்கள் வவுனியாப் பக்கத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் விடுதிப் பொறுப்பாக இருந்தேன். பதிவுக் கோப்பில் 'பெற்றோர் இல்லை' என்று எழுதி வந்த பிள்ளைகளில் சிலருக்குப் பெற்றோர் இருந்தார்கள். ஒரு சின்னப் பெண். மாத்தளன் கடற்கரையிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் காயத்தோடு ஏற்றப்பட்டவள். கூட வந்த பெரியம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோக, பிள்ளை யார் எவர் என்று சொல்ல ஆள் இல்லை. தாய் செட்டிகுளத்தில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த இராமநாதன் முகாமில் இருந்தார். பக்கத்து அருணாசலம் முகாமில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்கே முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்த வேண்டியிருந்த காலம் அது. வவுனியாவில் மகள் இருப்பது அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? கடைசியில் ஊர்ப் பெயரையும், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையார் கோயிலையும், தகப்பன் வைத்திருந்த உழவு இயந்திரத்தின் நிறத்தையும் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதி, அந்த ஊர் ஆட்களிடம் விசாரித்துத்தான் கண்டுபிடித்தோம்.

அதற்கிடையில் அவளைக் கேட்டு ஆட்கள் வந்து போனார்கள். நல்லவர்கள்தான், வசதியுள்ளவர்கள். 'சின்னப் பிள்ளையாக, தாய் முகம் மறந்ததாக இருந்தால் நல்லது' என்றார் ஒரு அம்மா. வேறொருவர் பெரிய பெடியன் யாராவது இருக்கிறானா, கடையில் நிற்பான் என்று கேட்டார். தம்பியை மட்டும் தாருங்கள், அக்கா வேண்டாம் என்றும் கேட்டார்கள். டோவாஜியாக்கில் வந்து நின்ற கமக்காரர்கள் அதனால் எனக்கு முகம் தெரிந்த ஆட்களாகவே தோன்றுகிறார்கள்.

உங்கள் கதாசிரியருக்குப் பயன்படக்கூடிய ஒன்றிரண்டு விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வருமுன் ஊர்ப் பத்திரிகையில் அறிவித்தல் போடுவார்கள். யாருக்குப் பிள்ளை கொடுக்கலாம் என்று பார்க்க ஊர்ப் பெரியவர்களைக் கொண்ட குழு ஒன்று இருக்கும். மருத்துவர், பாதிரியார், கடைக்காரர், பல இடங்களில் பத்திரிகை ஆசிரியரும் அதில் இருப்பார். (கோபிக்க வேண்டாம் ஐயா, இது உங்களுக்கல்ல.) கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய நியூயோர்க் பவுண்ட்லிங் இல்லம் (கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம்) அனுப்பிய கைக்குழந்தைகளின் உடுப்பில் இலக்கம் இருக்கும். அதே இலக்கத்தோடு ஒரு குடும்பம் ஸ்டேஷனில் காத்திருக்கும்.

1904 இல் அந்த இல்லம் அரிசோனாவின் சுரங்க ஊர்களான கிளிப்டனுக்கும் மொரென்சிக்கும் 40 பிள்ளைகளை அனுப்பியது. ஏற்க இருந்தவர்கள் மெக்சிக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவர்கள் வீட்டில் வளர்வதா என்று ஊர் வெள்ளையர்கள் இரவோடு இரவாகத் துப்பாக்கியோடு போய்ப் பறித்துத் தங்கள் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். இல்லம் வழக்குப் போட்டது. அரிசோனா நீதிமன்றம் பறித்தவர்களிடமே பிள்ளைகளை விட்டது. நல்ல குடும்பம் எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய கதை வேண்டுமா? தொடரில் இது வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிரித்தானியாவும் சும்மா இருக்கவில்லை. 1869 இலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கனடாவின் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள், பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். தாய் செத்துவிட்டாள் என்று பொய் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் பலர். அவுஸ்திரேலியப் பிரதமர் 2009 நவம்பரிலும் பிரித்தானியப் பிரதமர் 2010 பெப்ரவரியிலும் மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் எத்தனை தாய்மார் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றியும் நாவல் எழுதுவார்கள், எழுத வேண்டும். எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையைப் புது வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவதற்கு இடைஞ்சல் என்று தாயைச் சாகடிக்க வேண்டாம். செத்துப்போன தாய் கதாசிரியரை ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். உயிரோடிருக்கிற தாயைக் கதைக்குள் விட்டால் அவர் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குவார், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் போட்டோப் பிரதியைக் காட்டுவார், கதையைத் தன் பக்கம் இழுப்பார். வளர்க்கிற அம்மாவும் அப்போதுதான் வெறும் நல்ல மனுசியாக நிற்காமல் பயமுள்ள மனுசியாக வருவார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். அதை எழுதுவது கஷ்டம்தான்.

இன்னொன்று. தொடரின் நாலாம் பகுதி வந்த ஞாயிறு மழையால் எங்கள் பக்கம் பத்திரிகை வரவில்லை. மிச்சப் பிரதி இருந்தால் வாசிகசாலைக்கு ஒன்று அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதிப் பொறுப்பாளர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு.