டேஷ்போர்டு வெளுத்தால் பாலீஷ் தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய காரின் வெளுத்த டேஷ்போர்டில் சிலிக்கான் பாலீஷைத் தேய்த்து, 'நிறம் வந்துவிட்டது' என்று அனுப்பும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. சில நாள் கறுப்பாக மின்னும், பிறகு பழையபடி சாம்பல் பூத்துவிடும். அதைவிடப் பெரிய கேடு, டேஷ்போர்டை மூடியிருக்கும் ரெக்சினின் வரிகளுக்குள் சிலிக்கான் தங்கிவிட்டால் பின்னால் அடிக்கும் சாயம் ஒட்டாது. ஸ்பிரே விழுந்த இடத்திலேயே வட்ட வட்டமாக விலகிக் குழி விழும்.

ரெக்சின் என்பது பிவிசி, அதாவது வினைல் எனப்படும் ஒரு வகை பிளாஸ்டிக். அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. முன் கண்ணாடியின் உட்பக்கம் விரலால் இழுத்தால் பிசுபிசுவென்று கோடு விழுகிறதே, அந்தப் படலத்தில் பெரும்பகுதி அதுதான். சாயம் நிறத்தைத் தரும், போன மென்மையைத் தராது. விரிசலையும் மறைக்காது. விரிசல் இருந்தால் வளைந்து கொடுக்கும் ஃபில்லரால் முதலில் அடைக்க வேண்டும். இறுகிப்போகும் சாதாரண புட்டி அடுத்த கோடையிலேயே பிளந்துவிடும்.

வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதுதான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான பிரஷால் வரிவரியாகத் தேய்த்து, ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். காய்ந்தபின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசுவோம். பெயின்ட் தின்னர் கூடவே கூடாது, ரெக்சினை இளக்கிவிடும். நாலு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு ஓடினால் சிலிக்கான் இன்னும் இருக்கிறது.

அடுத்து சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட் தேய்ப்பு நாரால் லேசாக ஒரு தேய்ப்பு. கண்ணாடி, மீட்டர், ஏசி துவாரங்களை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, வினைலுக்கென்றே விற்கும் சாய ஸ்பிரேயை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். முதல் பூச்சில் அடிநிறம் தெரியத்தான் செய்யும். அவசரப்பட்டு அப்பினால் வரிகள் நிரம்பி வழுவழு பிளாஸ்டிக் போல ஆகிவிடும். 10, 15 நிமிட இடைவெளியில் மூன்று நான்கு மெல்லிய பூச்சு போதும். உச்சி வெயிலில் அடித்தால் சாயம் காற்றிலேயே உலர்ந்து சொரசொரப்பாக விழும். கதவுகள் திறந்திருக்கட்டும், கரி வடிகட்டி உள்ள முகமூடி அவசியம். நிறம் மேட் ஆகவே இருக்கட்டும்; பளபளப்பு முன் கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பயணியின் எதிரே ஏர்பேக் மூடி இருக்கும் வண்டிகளில் அந்த இடத்தில் ஃபில்லரோ தடித்த பெயின்டோ பூசாதீர்கள். விபத்தின்போது அந்த மூடி குறித்த கோட்டில் கிழிந்து திறக்க வேண்டும். அங்கே நிறம் வெளுத்திருந்தால் வெளுத்தபடியே விட்டு, காரணத்தை வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கார் உள்வேலை செய்யும் வாசகர்,
கோவை.