எங்கள் வாக்குமூலத்தை நாங்கள் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதுங்கள்

மேன்மைதங்கிய ஜனாதிபதி அவர்களுக்கும், பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கும், பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பொலிஸ் அதிகாரம் என்ற சொல்லைக் கண்டவுடன் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்து, அவற்றுக்குப் பொலிஸ் அதிகாரமும் தந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் வரலாற்றை நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதை ஆதரித்தும் எதிர்த்தும் என்னைவிட நீங்கள்தான் அதிகம் பேசியிருக்கிறீர்கள். நான் எழுத வந்தது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்காவின் வாக்குமூலத்தைப் பற்றி.

ஒருநாள் இரவு மோட்டார் சைக்கிள்களில் வந்த கும்பல் அவருடைய படலையை வாளால் கொத்தி, முற்றத்தில் நின்ற மகனின் மோட்டார் சைக்கிளுக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போனது. யாழ்ப்பாணத்தில் இது புதினமில்லை, உங்களுக்கும் தெரியும். ஆனால் இந்தமுறை ஒருவனின் முகத்துணி விலகிவிட்டது. மகனோடு படித்த பெடியன். அக்கா விடிந்ததும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் லீவில். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். இன்றைக்கு இரவும் வந்தால் என்ன செய்வது என்று அக்கா அங்கேயே இருந்துவிட்டார். கடைசியில் ஓர் இளம் கான்ஸ்டபிள் முறைப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். அவருக்குத் தமிழ் வராது. வேறு அலுவலாக வந்திருந்த ஓட்டோக்காரர் ஒருவர், தன் அரைகுறைச் சிங்களத்தில், அக்கா சொல்லச் சொல்ல மொழிபெயர்த்தார். எழுதி முடித்ததும் கான்ஸ்டபிள் முறைப்படி வாசித்தும் காட்டினார், சிங்களத்தில். அக்கா தலையாட்டினார். அடியில் தமிழில் கையெழுத்து வைத்தார்.

அந்தக் கான்ஸ்டபிளில் எனக்குக் கோபம் இல்லை. கதிரை தந்தவர், குடிக்கத் தண்ணீர் தந்தவர். தெற்கில் எங்கேயோ பிறந்து, வேலை கிடைத்த இடத்துக்கு வந்த பிள்ளை. அவரால் முடிந்ததை அவர் செய்தார்.

பல மாதங்களுக்குப் பிறகு, வழக்கு ஏன் நகரவில்லை என்று பார்க்கச் சட்டத்தரணி முறைப்பாட்டின் பிரதியை எடுத்தார். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்து வாசிப்பித்தபோதுதான் தெரிந்தது: வந்தவர்களைத் தன்னால் அடையாளம் காண முடியவில்லை என்று அக்கா சொன்னதாக அதில் இருக்கிறது. பெயர் இல்லை. முகத்துணி விலகியது இல்லை. படலையும் மோட்டார் சைக்கிளும் மட்டும் இருக்கின்றன. பொலிஸ் நிலையத்தில் கேட்டதற்குச் சொன்ன பதில், “உங்களுடைய கையெழுத்துத்தானே அம்மா?” ஆம், அவருடைய கையெழுத்துத்தான். அந்தப் பெடியன் இப்போதும் எங்கள் ஒழுங்கையால் போய்வருகிறான். அக்கா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுகிறார், ஏதோ தான் பொய் முறைப்பாடு கொடுத்தவர் போல.

இதற்குப் புதிதாக ஒரு சட்டமும் தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. வடக்கிலும் கிழக்கிலும் நிருவாகமும் பொதுப் பதிவேடுகளும் தமிழில் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் சொல்கிறது. 1988இல் 16ஆவது திருத்தத்தால் எழுதியது. முறைப்பாட்டுப் புத்தகம் பொதுப் பதிவேடு இல்லையென்றால் வேறு எது பொதுப் பதிவேடு? தமிழர் தரப்பு நம்பாத, போருக்குப் பிறகு அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுகூட 2011இல் இதையே சொன்னது: பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர்கள் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பிய மொழியில் வாக்குமூலம் பதியப்பட வேண்டும். ஆணைக்குழுவின் பெயரிலேயே பாடங்கள் கற்கப்பட்டுவிட்டன என்று இருந்ததால், பிறகு யாரும் அந்த அறிக்கையைப் புரட்டத் தேவையில்லை என்று நினைத்தார்களோ தெரியாது.

அதனால் முதல் கோரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் வாக்குமூலத்தை நாங்கள் சொன்ன மொழியில் எழுதுங்கள். எழுதக்கூடியவர் இல்லாத நேரம் என்று ஒன்று எந்தப் பொலிஸ் நிலையத்திலும் இருக்கக் கூடாது.

இதற்கு வழக்கமாக வரும் பதிலும் எங்களுக்குத் தெரியும். தமிழ் இளைஞர்கள் பொலிஸில் சேர முன்வருகிறார்கள் இல்லை என்பார்கள். சரி, ஏன் வரவில்லை? 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டோடு இறந்தபோது, அது முதலில் வீதி விபத்து என்றே சொல்லப்பட்டது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் பிடித்துக்கொண்டுபோன இளைஞன் உயிரோடு வீடு திரும்பவில்லை. இவற்றைப் பார்த்த ஒரு தாய், தன் மகனை அந்தச் சீருடையைப் போடச் சொல்லி அனுப்புவாரா? அனுப்பினாலும் அவன் எங்கே வேலை செய்வான், யாருக்குப் பதில் சொல்வான் என்பதையெல்லாம் கொழும்புதான் தீர்மானிக்கிறது.

இங்கேதான் மாகாணப் பொலிஸ் வருகிறது. மாகாணப் பொலிஸ் என்றால் நாடு உடைந்துவிடும் என்று மேடைக்கு மேடை சொல்கிறவர்களில் எத்தனை பேர் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மாகாணப் பொலிஸைப் பற்றிய பின்னிணைப்பை வாசித்திருப்பார்கள்? அரசுக்கு எதிரான குற்றங்கள், முப்படையோடு தொடர்பானவை, நாணயம், தேசிய பாதுகாப்பு, அரச சொத்து, ஜனாதிபதிக்கோ நீதிபதிகளுக்கோ எதிரானவை எல்லாம் பொலிஸின் தேசியப் பிரிவிடமே இருக்கின்றன. மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவில் மூன்று பேர். ஒருவர் மாகாணப் பிரதிப் பொலிஸ்மா அதிபர், இன்னொருவர் ஜனாதிபதியைக் கலந்தாலோசித்துப் பொதுச்சேவை ஆணைக்குழு நியமிப்பவர், ஒரேயொருவர்தான் முதலமைச்சரின் ஆள். எல்லோருக்கும் மேலே பொலிஸ்மா அதிபர். கழித்துப் பார்த்தால் மாகாணத்துக்கு மிஞ்சுவது களவு, அடிதடி, வேலிச் சண்டை, வாள்வெட்டு. அக்காவின் படலையை யார் கொத்தினார்கள் என்று தமிழில் கேட்டு எழுதுகிற அதிகாரம். இதிலா நாடு உடையப்போகிறது?

ஆனாலும் 1987இலிருந்து ஒரு ஜனாதிபதிகூட மாகாணப் பொலிஸை அமைக்கவில்லை. 2023 பெப்ரவரியில் பாராளுமன்றத்துக்கு அருகே பிக்குகள் 13ஆவது திருத்தத்தின் பிரதியை எரித்தார்கள். அதே ஆண்டு யூலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, பொலிஸ் அதிகாரம் தவிர்ந்த 13ஐத் தருவதாகத் தமிழ்க் கட்சிகளிடம் சொன்னார். மாகாண சபையே இல்லாத மாகாணத்துக்கு அதிகாரத்தில் பாதி தருவதாக ஒரு பேச்சு! வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று 2017இல் சட்டம் கொண்டுவந்தீர்கள். அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். தேர்தல் நடக்கவேயில்லை; மாகாண சபையின் ஆயுள் முடிந்ததிலிருந்து ஆளுநர் ஆட்சிதான். 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று பெயர் வைத்துக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு இந்த நாட்டில் கிடைத்த ஆயுளை, அரசியலமைப்பிலேயே இருக்கும் மாகாணப் பொலிஸுக்கு ஒருநாள்கூடக் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2013இலிருந்து 2018வரை எங்கள் மாகாண சபை நிறைவேற்றிய தீர்மானங்கள் ஏராளம், நியதிச் சட்டங்கள், அதாவது மாகாண சபை இயற்றும் சட்டங்கள், குறைவு. 13ஐத் தொட்டாலே துரோகம் என்று ஓர் அணி, சமஷ்டி வரும்வரை பொலிஸைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று இன்னோர் அணி. அவர்களுக்கென்ன, பொலிஸ் நிலையத்து வாங்கில் அவர்கள் காத்திருக்கப் போவதில்லை.

தெற்கின் நண்பர்களுக்கும் ஒன்று. பொலிஸ் சீர்திருத்தத்தைத் தமிழரின் பிரச்சினை என்று தள்ளி வைத்ததால் உங்களுக்கு என்ன கிடைத்தது? பொலிஸை அரசியல் தலையீட்டிலிருந்து காக்கவேண்டிய தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை 17ஆவது திருத்தம் கொண்டுவந்தது, 18ஆவது பல்லைப் பிடுங்கியது, 19ஆவது திருப்பித் தந்தது, 20ஆவது மறுபடியும் பறித்தது, 21ஆவது மீட்டது. சித்திரவதை வழக்கொன்றில் 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் பொறுப்பாளியாகக் கண்ட தேசபந்து தென்னக்கோனை, இரண்டு மாதம் கழித்து நிரந்தரப் பொலிஸ்மா அதிபராக்கினார்கள். அந்த வழக்கில் சித்திரவதைப்பட்டவர் தமிழர் இல்லை. 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியதை நாங்களும் வரவேற்றோம். மனம் வைத்தால் உங்களால் ஒரே குரலில் வாக்களிக்க முடியும் என்று அன்று பார்த்தோம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

ஜனாதிபதி அவர்களே, 1987இல் உங்கள் கட்சியான ஜே.வி.பி. 13ஆவது திருத்தத்தை எப்படி எதிர்த்தது என்பதை வடக்கு மறக்கவில்லை. இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களைப் பிரித்த உங்கள் கட்சியின் 2006 வழக்கையும் மறக்கவில்லை. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை உங்களுக்குத் தந்தோம். பாராளுமன்றத்தில் உங்களிடம் 159 பேர் இருக்கிறார்கள். பெரும்பான்மை இல்லை, கூட்டணி உடன்படவில்லை என்று முன்னையவர்கள் சொன்ன காரணம் எதுவும் உங்களிடம் இல்லை.

ஆகவே தயவாகக் கேட்கிறோம். மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள்; பழைய முறையில் நடத்துவதற்கு வேண்டியது ஒரு சட்டத் திருத்தம்தான். சபை அமைந்ததும் மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவை அரசியலமைப்பில் உள்ளபடி நியமியுங்கள். அதுவரை காத்திருக்காமல், வடக்கு கிழக்கில் மட்டுமல்லாமல் தமிழ் பேசுவோர் வாழும் மலையகத்திலும் கொழும்பிலும், வாக்குமூலம் சொன்னவரின் மொழியிலேயே எழுதப்பட வேண்டும் என்று பொலிஸ்மா அதிபர் ஊடாக ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதை மீறி எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்ற ஒரு வரியையும் அதில் சேர்க்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு வாக்காளன்