கடலையும் சிவப்பாக்கிய வரைபடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழில் அரைப் பக்கத்துக்கு வந்த ‘கொழும்பின் போதைப் பிரதேசங்கள்’ வரைபடத்தைப் பார்த்தோம். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் எல்லாம் இரத்தச் சிவப்பு. துறைமுகத் தண்ணீரும் சிவப்பு! அங்கே யாரைப் பிடித்தார்களாம், மீனையா? கடற்படை ஹெரோயினோடு மறிக்கும் பலநாள் படகுகள் அகப்படுவது ஆழ்கடலில்.

அது கணினி பூசிய நிறம் என்பது தாங்கள் அறியாததல்ல. ஒவ்வொரு கைதையும் ஒரு புள்ளியாக வைத்து, சுற்றிவர ஓர் ஆரத்துக்கு நிறத்தைப் பரவவிடுவார்கள். 37 சதுர கிலோமீற்றர் மாநகரத்தில் ஆரம் 1 கிலோமீற்றர் என்றால், ஒரே புள்ளி நகரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கை மூடிவிடும். 200 மீற்றராகக் குறைத்தால் அதே தரவில் ஓரிரு ஒழுங்கைகள்தான் மிஞ்சக்கூடும். கைதான இடம் பதிவில் இல்லாவிட்டால் புள்ளியைப் பொலிஸ் நிலையத்தின் மேலேயே போட்டுவிடுவதும் உண்டு. பிறகு நிலையத்துக்கு அயலில் இருப்பவர்கள் எல்லோரும் போதைப் பிரதேசவாசிகள்.

களவு போனால் பறிகொடுத்தவர் முறைப்பாடு செய்வார். ஐஸ் போதைப்பொருள் வாங்கியவர் செய்வாரா? ஆகவே இந்தக் கைதுகள் பொலிஸார் தேடிய இடங்களின் கணக்கு. 2023 டிசம்பர் 17இல் ‘யுக்திய’ என்ற போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியபின் அவர்கள் ஏழைகள் நெருங்கி வாழும் எந்தத் தோட்டங்களுக்குள் இறங்கினார்கள் என்பதைத் தங்கள் நிருபர்களே எழுதினார்கள். பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டத்து மதில்களுக்குப் பின்னால் யார் எட்டிப் பார்த்தது?

சனத்தொகையால் வகுக்கவுமில்லை. 10,000 பேர் உள்ள பிரிவில் 40 கைது என்றால் ஆயிரத்துக்கு 4. 1,000 பேர் உள்ள பிரிவில் 8 என்றால் ஆயிரத்துக்கு 8. தங்கள் படத்தில் முதலாவதுதான் சிவக்கும். புறக்கோட்டைக்கு இந்த வகுத்தலும் சரிவராது. குடியிருப்பவர் கொஞ்சம், பகலில் வந்துபோகிறவர் கணக்கில்லை.

எங்கள் கொட்டாஞ்சேனைப் பகுதிக்கு இது புதிதுமல்ல. போர் நடந்தபோது தமிழர் நாங்கள் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாணுக்குப் போன காலம் இருந்தது. 2007 ஜூன் 7 விடியற்காலை லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பிலிருந்து அனுப்பினார்கள்; உயர் நீதிமன்றம் மறுநாள் தடுத்தது. அப்போதும் முகவரியைப் பார்த்துத்தான். இன்றும் நேர்முகத் தேர்வில் ‘கொழும்பு 13’ என்றதும் பேனை கீழே போகிறது. இனித் தங்கள் படத்தையும் எடுத்துக் காட்டுவார்கள். நன்றி.

வேண்டுகோள் சிறியதுதான். படத்தின் கீழே ஒரு வரி போடுங்கள்: எந்த ஆண்டுத் தரவு, கைதா தீர்ப்பா, பிடிபட்ட இடமா வசிப்பிடமா, ஆரம் எத்தனை மீற்றர். ஒரு கஞ்சாச் சுருட்டையும், 2022 போதைப்பொருள் திருத்தச் சட்டத்தில் மரண தண்டனை வரை போகும் 5 கிராம் ஐஸையும் ஒரே புள்ளியாக்க வேண்டாம். இடம் போதாதென்றால் தலைப்பின் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம்.

வாசகர்,
கொழும்பு 13