அம்மாவின் பென்ஷனும் தம்பியின் முதுகுத்தண்டும்

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

என் தம்பிக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்ட மனுவின் கோப்பு பதினான்கு மாதமாக உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. தென்னை மரத்திலிருந்து விழுந்தது, தண்டுவடம் அடிபட்டது, இடுப்புக்குக் கீழே அசைவோ உணர்வோ இல்லாதது, மருத்துவக் குழு 90 சதவீதம், நிரந்தரம் என்று எழுதித் தந்தது எல்லாம் அதில் உண்டு. அதையெல்லாம் மறுபடி சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். போன வாரம் தபாலில் வந்த மூன்று வரிக் கடிதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

'ஒரே குடும்ப அட்டையில் உள்ள நபர் ஏற்கெனவே அரசு உதவித்தொகை பெற்று வருவதால் தங்கள் மனு ஏற்கப்படவில்லை.'

அந்த நபர் எங்கள் அம்மா. வயது 71. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்குகிறார். அம்மாவுக்கு வயதானதால் தம்பிக்குத் தண்டுவடம் சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டுமா, ஐயா?

விண்ணப்பத்தில் கேட்டிருந்தது, அவன் வேறு உதவித்தொகை வாங்குகிறானா என்றுதான். இல்லை என்று எழுதினோம். விஏஓ விசாரித்துக் கையெழுத்துப் போட்டார். வீட்டில் வேறு யார் என்ன வாங்குகிறார்கள் என்று அதில் ஒரு கட்டம்கூட இல்லை. அப்படி ஒரு விதி இருந்தால் அந்த அரசாணையின் எண்ணையும் தேதியையும் தாருங்கள். இல்லையென்றால் மனுவை மறுபடி எடுத்துப் பாருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

கடிதத்தைவிட என்னைச் சுட்டது அதற்கு முன் நடந்த விசாரணை நாள். 'மனுதாரர் நேரில் ஆஜராக வேண்டும்' என்று சொல்லியிருந்தார்கள். அவனால் ஆட்டோவில் உட்கார்ந்து வர முடியாது. பக்கத்துத் தெருக்காரரின் குட்டியானை வண்டியில் பாயும் மெத்தையும் போட்டுப் படுக்கவைத்து, யூரின் பையை ஓரத்தில் கட்டி, 40 கிலோமீட்டர் கொண்டுவந்தோம். காலை ஒன்பதரைக்கு வந்துவிட்டோம். விசாரணை மாடியில் என்றார்கள். அவனை மாடிக்கு ஏற்ற வழியில்லை. கீழே வந்து பார்க்க ஆள் இல்லை. வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நான் மட்டும் நாலு தடவை ஏறி இறங்கினேன். மாலை நாலு மணிக்கு அலுவலக இளைஞர் ஒருவர் இறங்கி வந்தார். வண்டிக்குள் எட்டிப் பார்த்து, பெயரைக் கேட்டு, டிக் அடித்துவிட்டுப் போனார். அரை நிமிடம் ஆகியிருக்குமா தெரியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மதியச் சாப்பாடு சாப்பிட்ட முகமாகவும் தெரியவில்லை.

தண்டுவடம் போனவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வீட்டில் ராத்திரி அலாரம் வைத்து, நானும் அம்மாவும் மாற்றி மாற்றி எழுந்து அதைச் செய்கிறோம். அன்றைக்கு அந்த வண்டிக்குள் புரட்ட இடமில்லை. வீட்டுக்கு வந்து வேட்டியை அவிழ்த்தபோது வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து கிடந்தது. மூன்றாம் நாள் அது புண்ணாகத் திறந்துகொண்டது. அவனுக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் வண்டியிலேயே சத்தம் போட்டிருப்பான், நாங்களும் எதையாவது செய்திருப்போம். படுக்கைப் புண் எலும்பு வரைக்கும் போகும், ரத்தத்தில் சீழ் கலந்தால் உயிரையே எடுக்கும் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்து அனுப்பினார்கள். பதினோரு வாரமாகத் தினமும் கட்டு மாற்றுகிறேன். பஞ்சு, துணி, மருந்து, டியூப், பை என்று மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாமல் போகிறது. எனக்குத் தையல் மெஷினில் வருவது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அந்தப் பயணத்துக்குக் கிடைத்த பதில்தான் இந்த மூன்று வரி. அம்மாவின் பென்ஷன்தான் காரணம் என்றால் அது கம்ப்யூட்டரில் முதல் நாளே தெரிந்திருக்குமே, ஐயா. எதற்காக அவனை வரச் சொன்னீர்கள்?

நடுவில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு தடவை மனு கொடுத்தேன். இரண்டும் 'பைசல் செய்யப்பட்டது' என்று செல்போனுக்குச் செய்தி வந்தது. மனுதான் பைசலாகியிருக்கிறது, புண் இன்னும் ஆகவில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதன் 24-ஆம் பிரிவை இ-சேவை மையத்துப் பையன் படித்துக் காட்டினான். மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிக்கு இதே மாதிரித் திட்டங்களில் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அவர்களுக்குச் செலவு அதிகம் என்று தெரிந்துதானே அப்படி எழுதியிருப்பார்கள்? அம்மாவுக்குக் கிடைப்பதைவிட அவனுக்குக் கூடுதலாகத் தரவேண்டும் என்கிறது சட்டம். அம்மாவுக்குக் கிடைப்பதால் அவனுக்கு எதுவுமே இல்லை என்கிறது உங்கள் கடிதம்.

ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றி மாற்றுத்திறனாளி என்றாக்கினோம். 2010-இல் தனித்துறையும் வந்தது. நல்லதுதான், மேடையில் கேட்கும்போது காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. பக்கத்து ஆந்திராவில் 2024-இல் மாற்றுத்திறனாளிகளின் மாத உதவித்தொகையை 6,000 ஆக்கினார்கள், முழுக்கப் படுக்கையில் இருப்பவர்களுக்கு 15,000. நம் ஊரில் 2023 ஜனவரியில் 1,500-ஐ 2,000 ஆக்கியதோடு சரி. அந்த 2,000-க்கும் ரேஷன் கார்டைப் புரட்டிப் பார்த்து ஆள் கழிக்கிறார்கள். அம்மாவைத் தனிக் கார்டுக்கு மாற்றிவிட்டு வந்தால் வேலை முடியும் என்று ஒருவர் எனக்கு யோசனையும் சொன்னார். ஒரே அடுப்பில் சமைக்கிறோம், ஐயா. இந்த உதவித்தொகைக்காக அம்மா தனியாக இருக்கிறார் என்று பொய் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

மன்னிக்க வேண்டும், எங்கேயோ போய்விட்டேன். தொகையைக் கூட்டுவது உங்கள் கையில் இல்லை என்று எனக்கும் தெரியும். உங்கள் கையில் இருப்பதை மட்டும் பணிவோடு கேட்கிறேன். தள்ளுபடி உத்தரவை ரத்துசெய்து மனுவை மறுபரிசீலனை செய்யுங்கள். உதவித்தொகையை விண்ணப்பித்த மாதத்திலிருந்து கணக்கிட முடியுமா என்று பாருங்கள். மறுபடியும் தள்ளுபடிதான் என்றால், எந்த விதியின்படி என்பதையும் யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதையும் எழுத்தில் தாருங்கள். சென்னையில் மாநில ஆணையர் அலுவலகம் வரைக்கும் போகத் தயார். நான் மட்டும்தான் போவேன், அவனை இனி எந்த வண்டியிலும் ஏற்ற மாட்டேன்.

அவனைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தயவுசெய்து வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். விலாசம் கோப்பில் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஐந்து நிமிட நடை, படிக்கட்டு எதுவும் கிடையாது. காலை பத்து மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் கட்டு மாற்றும் நேரம்.

இப்படிக்கு,
மனுதாரரின் அக்கா